அன்னை பெயரில் இட்ட வைப்பு

இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் மூன்றாவது கள்ளாமை. இதனை நாம் எளிதாகக் கடந்து போகிறோம். பிறர் வீடு புகுந்து பொருள் எடுப்பவர் நம் குடும்பங்களில் இல்லை என்னும் நிறைவே அதற்குக் காரணம். ஆனால் உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் இவ்விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுங்கால், கள்ள அளவை, போலிச்சரக்கு ஆகியவற்றோடு அரசின் முறை கடத்தலையும் சேர்த்தே வைத்தார். அரசிறையை மறைத்தலை அதனுள் அடக்கிப் பொருள் கொள்வது வழக்கம்.

இது பண்டைச் சுங்கச்சாவடிக்கு மட்டும் உரியதன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வீடும் நிலமும் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் பணிபுரியும் பிள்ளைகள் நமக்கு உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன், பொதுவாக, இங்கு விளைந்த வருவாய்க்கே இங்கு வரி செலுத்துகிறான். அமெரிக்காவோ தன் குடிமக்கள் எந்நாட்டில் இருப்பினும் அவர்தம் உலக வருவாய் முழுவதையும் கணக்கில் கேட்கிறது. பச்சை அட்டை பெற்றோருக்கும் அதே விதி. அங்குப் பிறந்து, கைக்குழந்தையாய்ச் சென்னைக்கு வந்து, இங்கேயே வளர்ந்த பேரனும் அந்நாட்டுக் குடிமகனே. அயல்நாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இங்கு வரிவிலக்குப் பெற்ற நெல் வருமானமும் அங்குக் கணக்கில் வரும். இருமுறை வரியா என்று வருந்துவோர்க்கு, ஒரு நாட்டில் கட்டியதை மறு நாட்டில் கழித்துக்கொள்ள 1989இல் கையொப்பமான ஒப்பந்தம் இருக்கிறது.

இவ்வளவும் நாம் அறிந்துகொண்டது நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றினால். கிராமத்து வீட்டை விற்றபோது மகனுக்குப் பங்காகப் பத்து லட்சம் ரூபாய் வந்தது. "அம்மா, உங்கள் பெயரிலேயே போட்டு வையுங்கள். என் பெயரில் இருந்தால் வட்டியில் முப்பது விழுக்காடு பிடித்துவிடுவார்கள். வேண்டும்போது நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றான். நாமும் அவ்வாறே செய்தோம். வரி பிடிக்க வேண்டியதில்லை என்று முதியோர் தரும் உறுதிமொழிப் படிவத்தில் மூன்று ஆண்டுகள் கையெழுத்தும் இட்டோம். நம் ஓய்வூதியமும் அவ்வட்டியும் சேர்ந்தும் வரி எல்லைக்குள் அடங்கியதால், படிவத்தில் எழுதிய எண்களில் பிழையில்லை.

பிழை 'நம்' என்ற சொல்லில் இருந்தது. மகன் தாய்க்கு மனமுவந்து ஈந்த பொருளாயின் அது தாயின் பொருளே, வட்டியும் அவளுடையதே, சட்டமும் அதை ஏற்கிறது. ஆனால் 'வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன்' என்பது ஈந்தவன் சொல் அன்று. பெயர் நமது, பொருள் அவனது. அமெரிக்க விதியும் இத்தகைய கணக்கைப் பெயருக்கு உரியவருடையதாக எண்ணாமல் பொருளுக்கு உரியவனுடையதாகவே எண்ணுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றினாலும் வினை கட்டும் என்று பயின்றவர் நாம். பள்ளியில் பார்த்து எழுதியவனோடு, தாளைச் சாய்த்துக் காட்டியவனையும் எழுப்பி நிறுத்தியிருக்கிறோம். இங்கு தாளைச் சாய்த்தவர் நாமே.

அரசு பணத்தை வீணடிக்கிறதே என்பார் உளர். வீணடிப்பது உண்மையானாலும் அது அரசின் வினை. அயல்நாட்டு அரசுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும் என்பாரும் உளர். அச்சத்தைப் பற்றி நாம் பேசவில்லை. அந்நாட்டின் சாலையிலும் பள்ளியிலும் நம் பேரக்குழந்தைகள் நடக்கிறார்கள்.

இவ்வாண்டு மகனுக்கு எழுதினோம்: "முழுமையாகக் கொடுத்துவிடு, உன் தங்கைக்கோ மேல்சித்தாமூர்க் கோயிலுக்கோ உன்னைக் கேளாமல் நாம் கொடுக்கலாம் என்று எண்ணிக் கொடு. இல்லையேல் உன் பெயருக்கு மாற்றிக்கொள்." இரு வாரங்கள் மறுமொழி இல்லை. சற்று மனம் வருந்தினோம். கடுமையாக எழுதிவிட்டோமோ என்றும் தோன்றியது. பின்னர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தான். "அம்மா, என் பெயருக்கே மாற்றிவிடலாம். பழைய ஆண்டுகளின் கணக்கையும் இங்கே திருத்திக் கொடுக்க வேண்டுமாம்" என்றான். கொடுத்துவிடுவான் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மூன்று ஆண்டுகளின் வட்டிச் சான்றுகளை வங்கியில் பெற்று அவனுக்கு அனுப்பியாயிற்று. இவ்வாண்டுப் படிவம் கையெழுத்தின்றி மேசைமேல் கிடக்கிறது.