வெளுத்த ப்ளக்

மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேரில் சோறு தின்பவர்களில் நானும் ஒருவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோனது. கார்புரேட்டர் மட்டும் மறக்கவில்லை. பழைய ரேஸ் பைக்குகளைப் பற்றி இன்றும் ராத்திரியில் உட்கார்ந்து படிப்பேன்.

1950களில் ஐல் ஆஃப் மேன் தீவில் ஓடிய மேன்க்ஸ் நார்ட்டனை எடுத்துக்கொள்வோம். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரு சுற்றே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதன் அமால் ஜிபி கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொடுக்கும் சின்னக் கிண்ணத்தைத் தள்ளித் தனியாகப் பொருத்தியிருப்பார்கள். இன்ஜின் அதிர்வில் பெட்ரோல் நுரைத்தால் உள்ளிருக்கும் மிதவைக்குச் சரியான மட்டம் பிடிபடாது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் ஆபத்துதான். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும். இன்ஜின் பட்டினி கிடக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் இன்ஜின் தன் முழு பலத்தைக் காட்டுவது காற்று 13 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது. அதாவது, முழுதாக எரியாமல் வெளியே போகப்போகிற பெட்ரோலையும் சேர்த்துத்தான் ஊட்ட வேண்டும். அந்த உபரி ஆவியாகும்போது உள்ளே சூட்டைத் தணிக்கிறது. அதில் மிச்சம் பிடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகலாம்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் ஒரு டீமுக்கு லீடாக இருந்தபோது, ஐந்து பேர் வேலையை நான்கு பேரை வைத்து முடிப்பதாக ஒப்புக்கொண்டேன். டீக்குப் போவது, சும்மா பேசிக்கொண்டிருப்பது எல்லாம் என் எக்ஸெல் ஷீட்டில் வீண் கணக்கு. அதில் ஒரு பையன், எப்போது கேட்டாலும் "ஓகேதாண்ணா, முடிச்சிடலாம்" என்பான். எல்லோரையும்விட வேகமாகவும் முடித்தான். ஒருநாள் காலை அவன் அம்மா போன் செய்தார். "தம்பி, எந்திரிக்கவே மாட்டேங்கிறான். அழுதுகிட்டே இருக்கான்."

அவன் வேலைக்குத் திரும்பவில்லை.

அவன்தானே ஓகே என்றான்? நான் நம்பியதில் என்ன தப்பு? ரொம்ப நாள் இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

ரேஸ் மெக்கானிக்குகள் சத்தத்தை மட்டும் நம்புவதில்லை. முழு வேகத்தில் இருக்கும்போதே க்ளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, வண்டியை உருளவிட்டு நிறுத்தி, ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். பீங்கான் பழுப்பாக இருந்தால் சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பட்டினி, பெரிய ஜெட் மாட்ட வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல் இதைப் பார்க்க முடியாது.

அவனால் நிறுத்தியிருக்க முடியாது. த்ராட்டில் என் கையில் இருந்தது. நிறுத்தினால் தேதி தள்ளிப்போகும், நான் பதில் சொல்ல வேண்டும். அவனுடைய 'ஓகே' எனக்கு வசதியாக இருந்தது, அதனால் நம்பினேன். கேட்டுவிட்டேன் என்பதாலேயே என் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதம் அவனுக்குப் போன் செய்தேன். "இப்ப எப்படிடா இருக்கே?"

"நல்லாருக்கேண்ணா."

சரி என்று வைக்கப்போனேன். வைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன். நேர்ல பாக்கணும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வாங்கண்ணா" என்றான்.