துடைத்துத் தந்த கண்ணாடி

குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது, என் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட வந்த நர்ஸ் முதலில் அதைத் துடைத்தார். ஒரு துண்டு காஸ் துணியால் இரண்டு சில்லையும் துடைத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒன்றை மறுபடியும் துடைத்தார். "இப்பத் தெரியுதாண்ணே?" என்று கேட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எத்தனையோ பேர் அதே பச்சை உடையில் நடமாடுகிறார்கள். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போடிக்குத் திரும்பி, தையல் பிரித்து, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டேன். அந்தத் துடைப்பு மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

யோசித்தால், அன்று எனக்காக நர்ஸ்கள் செய்தவற்றில் மிகச் சிறியது அதுதான். முதுகுத்தண்டில் ஊசி போடும்போது வளைந்து உட்கார்ந்திருந்த என்னை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டார். கீறிய இடத்தை மூடுவதற்கு முன் காஸ் துணிகளையும் ஊசிகளையும் ஒருவர் வாய்விட்டு எண்ணியது திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. ஒரு துணி உள்ளே தங்கினால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை அரங்குகளுக்காக 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. இப்படி எண்ணிச் சொல்வதும் அதில் உண்டு. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பின்பற்றிப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது. நான் நியாயமாக நன்றி சொல்ல வேண்டியது அந்த எண்ணிக்கைக்கு. என் நன்றியோ கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத காரியம் என்பதாலா?

அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனவர். இருட்டோடு ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, பூப்பாறைப் பக்கம் போய் இறங்குவார்கள். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில்தான் காய்க்கும். குளிரும் அட்டையுமாக நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். முற்றியதை எடுத்துப் பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட வேண்டும், கை தவறினால் கங்காணி கத்துவார். அம்மா ஒரு தூரை முடித்து நகரும்போது, நடைபாதையில் நீண்டு கிடக்கும் சரத்தைத் தூக்கி ஓரமாக ஒதுக்கி வைப்பார், பின்னால் வருகிறவர் மிதித்துவிடாதபடி. அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதற்காகக் கூலியில் ஒரு ரூபாய் ஏறியதுமில்லை. "ஏம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணுல பட்டுச்சுல்ல, அதான்" என்றார், நிமிராமலே.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட நர்சிங் குறிப்புகளை எப்போதோ படித்தேன், பாதிக்குமேல் மறந்துவிட்டது. நோயாளி இருக்கிற அறையில் குசுகுசுவென்று பேசுவது கொடுமை என்று அவர் கோபப்படுகிற இடம் மட்டும் நினைவிருக்கிறது. சத்தம், வெளிச்சம், படுக்கை என்று இப்படிப்பட்ட சின்ன விஷயங்களுக்கே அதில் அத்தியாயங்களை ஒதுக்கியிருந்தார். அவற்றையெல்லாம் அவர் தொழிலாகவே எண்ணினார். அப்படியானால் கண்ணாடி துடைத்ததும் வேலைதான். அம்மா ஒதுக்கிவைத்த சரமும் வேலைதான், கூலி வராத வேலை.

இங்கேதான் எனக்குத் தடுமாற்றம் வருகிறது. கருணை என்று ஒன்றுக்குப் பேர் வைத்துவிட்டால், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. வெள்ளுடைத் தேவதைகள் என்று மே 12, நர்ஸ்கள் தினத்தில் மேடை போட்டுப் புகழ்கிறோம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வந்த நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூட்டமாக உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 11இல் குரங்கணி மலையில் தீ பிடித்தது. கருகியவர்களைப் போடி அரசு மருத்துவமனைக்கும், தேனிக்கும், மதுரைக்கும் கொண்டுபோனார்கள். தீப்புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியவர்கள் நர்ஸ்கள். அந்த நாட்களின் செய்திகளில் எந்த அமைச்சர் வந்தார், எந்த ஹெலிகாப்டர் பறந்தது என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நர்ஸின் பெயர்கூட நினைவில் இல்லை.

சம்பளத்தால் அளக்க முடியாத ஏதோ ஒன்று அந்தத் துடைப்பில் இருந்தது என்று மனம் சொல்கிறது. அப்படிச் சொல்லிச் சொல்லியேதான் அவர்களுக்கு அளந்து கொடுக்காமல் விட்டோமோ என்ற பயமும் கூடவே வருகிறது. இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தொகுப்பூதிய நர்ஸ்கள் உங்கள் ஊரில் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தால், ஒருநாளாவது போய் அவர்களோடு உட்காருங்கள்.