பேதைமையும் துணைத்தேர்வும்: விவிலிய ஞானநூல்கள் எழுப்பும் ஒரு வினா

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள ஞான இலக்கியங்களுள் நீதிமொழிகள் என்னும் நூல் சிறப்பிடம் பெறுவது. அதன் முற்பகுதி, தந்தை தன் மகனுக்குக் கூறும் அறிவுரையாக அமைந்துள்ளது. நல்லோர் கூட்டுறவு அறிவை வளர்க்கும். மூடர் கூட்டுறவு கேட்டில் முடியும் என்ற கருத்து நூலிற் பலவாறு வலியுறுத்தப்படுகின்றது. கேட்பதற்கு எளிதான இவ்வறிவுரையுள் அரியதொரு வினா அடங்கியுள்ளது. மூடன் யாரென அறிவது எங்ஙனம்? அறிய முற்படுபவன் தானே மூடனாயிருப்பின் யாது செய்வது?

எபிரேய மூலம் மூடனைக் குறிக்க ஒரு சொல்லை மட்டும் வழங்கவில்லை. 'பெத்தி' என்பான் உலகறியாப் பேதை. எவர் சொல்லையும் நம்புபவன். எனினும் கற்பிக்கத் தக்கவன். 'கெசீல்' என்பான் தன் மடமையிலே மனநிறைவு கொண்டவன். 'லேத்ஸ்' என்பான் ஏளனஞ் செய்பவன். தன்னைத் திருத்த முற்படுபவனையே பகைப்பவன். இப்பாகுபாடு கல்வியின் அளவைக் கொண்டு செய்யப்பட்டதன்று. கடிந்துரை கேட்டவிடத்து ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதே இங்கு உரைகல்லாகின்றது. ஆதலின் கற்றவனும் மூடனாதல் கூடும். தன்னை ஞானியென எண்ணியிருப்பவனை மூடனிலும் நம்பிக்கைக்கு இடமற்றவனாக இந்நூல் மதிப்பதும் இதனாலேயே. பேதையோ இருபுறமும் சாயக்கூடியவன். அவன் எத்திசையிற் செல்வான் என்பதை அவனது தோழரே பெரிதும் தீர்மானிக்கின்றனர்.

இதற்குத் தக்க சான்று அரசர் முதல் நூலிற் காணப்படுகின்றது. நீதிமொழிகளின் பெரும்பகுதியை மரபு சாலமோன் மன்னனுக்கு உரியதாக்குகின்றது. அம்மன்னனின் மகனே ரெகபெயாம். தந்தை சுமத்திய பளுவைக் குறைக்குமாறு மக்கள் வேண்டியபோது, அவன் மூன்று நாள் தவணை கேட்டான். மூத்தோர் இணங்கிப்போகக் கூறினர். உடன் வளர்ந்த தோழரோ கடுமை காட்டத் தூண்டினர். தோழரிடம் கேட்கும்போது 'நாம்' என்ன விடை கூறலாம் என அவன் வினவியதாக மூலம் கூறுகின்றது. மூத்தோரிடம் கேட்கையில் அத்தன்மைப் பன்மை இல்லை. ஆலோசனை கேட்குமுன்னரே அவன் தன் பக்கத்தைத் தேர்ந்துவிட்டான். விளைவாகப் பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. அவன் அரியணை ஏறியபோது வயது 41 என அந்நூலே குறிப்பிடுகின்றது. எனவே அவனது தவற்றை இளமையின் மீது சுமத்துதல் பொருந்தாது. தன் விருப்பத்தையே எதிரொலிக்கும் குரல்களை அவன் ஆலோசனையெனக் கொண்டான்.

அங்ஙனமாயின் மூத்தோர் சொல்லை ஏற்பதே தீர்வாகுமா? யோபுவின் நூல் இதனை மறுக்கின்றது. துன்புற்ற யோபுவை நாடி வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் அவனோடு மௌனமாகத் தரையில் அமர்ந்திருந்தனர். அவ்வளவில் அவர் நற்றுணைவரே. வாய்திறந்த பின்னரோ, மரபுவழி வந்த ஞானவுரைகளைக் கொண்டே குற்றமற்றவனைக் குற்றவாளியாக்கினர். இறுதியில் இறைவனின் கண்டனம் அவர்களையே சார்ந்தது. கடிந்துரைப்பவரெல்லாம் நண்பராகார், எதிரே இருப்பவனின் நிலையை உணராது கூறப்படும் நல்லுரையும் பேதைமையாகலாம்.

மூடரை முற்றாக விலக்கின் அவரைத் திருத்துவார் யார் என்ற தடையும் எழுகின்றது. நீதிமொழிகளின் 26ஆம் அதிகாரத்தில், மூடனுக்கு அவன் போக்கில் விடையிறுக்க வேண்டாம் என ஒரு வசனமும், விடையிறுக்க வேண்டும் என அடுத்த வசனமும் கூறுகின்றன. இம்முரண்பாடு காரணமாக இந்நூலையே வழக்கிலிருந்து நீக்க அறிஞர் சிலர் எண்ணியதைப் பாபிலோனியத் தல்மூது பதிவுசெய்கின்றது. அவ்வசனங்களுள் ஒன்று திருச்சட்டம் பற்றியது, மற்றது உலகியல் பற்றியது எனப் பொருள் கண்டு நூலைக் காத்தனர். முரணைத் திருத்தாது இரண்டையும் அருகருகே நிற்கவிட்டமை, விதியினும் பகுத்துணர்வே வேண்டப்படுகின்றது என்பதைப் புலப்படுத்துகின்றது.

இவற்றால் ஓர் உண்மை தெளிவாகின்றது. 'மூடன்' என்ற சொல்லைப் பிறர்மீது சுமத்துதல் எளிது. அவ்வுரைகல்லில் தன்னை உரைத்துப் பார்த்தல் அரிது. ஆகவே துணைவரைத் தேர்பவன் இவர் அறிவுடையவரா என்று மட்டும் கேட்பது போதாது. தான் தவறும்போது அதனை எடுத்துரைக்கும் துணிவும், தன் நிலையை உணரும் பரிவும் இவரிடம் உளவா என்றும், அவ்வுரையைத் தான் பொறுப்பானா என்றும் அவன் வினவுதல் வேண்டும். இறுதி வினாவுக்கு விடை இல்லையென்றால், நல்லோர் அருகிருந்தும் அவன் துணையற்றவனே.