யார் பெற்ற பிள்ளையோ

இளம் வீரர்களைப் பற்றிய மாயக் கதைகளில் எனக்குப் பிடித்தது போர் அல்ல, போருக்கு முந்தைய பயிற்சி. பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அடர்ந்த காடு, அதற்குள் ஒரு மர வீடு, கூர்மையான காதுள்ள எல்ஃப் இனத்துச் சிறுவன், சிரிக்கவே தெரியாத ஓர் ஆசான். முதல் நாள் வில்லைத் தூக்கவே பையனுக்குக் கை நடுங்குகிறது. நூறு பக்கம் தாண்டும்போது இருட்டில் சத்தத்தை மட்டும் வைத்து அம்பு விடுகிறான். ஆசான் முகத்தில் முதல் முறையாக ஒரு சின்னப் புன்னகை. படிக்கிற நமக்குக் கண் கலங்கிவிடுகிறது.

இந்த இன்பத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொள்வதன் இன்பம் அது. நாதஸ்வரம் பழகுகிற பிள்ளைக்கும் சிலம்பம் சுற்றுகிற பிள்ளைக்கும் அதே இன்பம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாதஸ்வரப் பயிற்சியின் முடிவில் ஒரு கச்சேரி இருக்கும். வாள் பயிற்சியின் முடிவில் ஓர் உடல் விழ வேண்டும். விழவில்லை என்றால் கதை முடியாது. அந்த உடல் யாருடையது என்று நாவலாசிரியர் முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது.

இதை யோசிக்க வைத்தவன் தரங்கம்பாடியில் இருக்கும் என் அக்கா மகன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நான்கு நீள நோட்டுகளில் ஒரு மாயக் காவியம் எழுதிக்கொண்டிருக்கிறான். நாயகன் ஓர் எல்ஃப் சிறுவன். டேனிஷ் கோட்டைக்கு முன்னால் இருக்கும் மைதானம்தான் அவன் பயிற்சி பெறும் களம். மூன்று நோட்டு முழுக்கப் பயிற்சி. "சண்டை எப்பதாண்டா வரும்?" என்று கேட்டேன். "அதான் மாமா பிரச்சினை. எதிரி யாருன்னு இன்னும் முடிவு பண்ணல" என்றான். பயிற்சி தயார், வாள் தயார், வெட்டுப்பட வேண்டியவன் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. அவனுக்கு இது கதைச் சிக்கல். எனக்கு அது அறச் சிக்கலாகப் பட்டது.

தரங்கம்பாடிப் பையன் எல்ஃப் கதை எழுதுவதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். ஆனால் எல்ஃப்களுக்கு அந்த ஊரில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள். எல்ஃப்களை நம்பிய நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1845-ல் ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதே 1845-ல்தான் டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எல்ஃப் குன்றைப் பற்றிய தன் கதையை வெளியிட்டார். நம் வேப்பமரத்து முனி அவர்கள் ஊருக்குப் போனதா தெரியாது; அவர்கள் ஊர் எல்ஃப் கடைசியில் நம் பிள்ளைகளின் நோட்டுக்குள் வந்துவிட்டது.

டேனிஷ் நாட்டார் கதைகளில் வரும் எல்ஃப் பெண்ணைப் பற்றி ஒரு விசித்திரமான நம்பிக்கை இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் அவள் பேரழகி. பின்னால் போய்ப் பார்த்தால் முதுகு இருக்காது. குடைந்தெடுத்த மரம்போல வெறும் பள்ளம். அதனால் அவள் யாருக்கும் முதுகு காட்டமாட்டாள். பயிற்சிக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படிமம் நினைவுக்கு வருகிறது. பயிற்சி முன்பக்கம். யாரைக் கொல்ல இந்தப் பயிற்சி என்பது பின்பக்கம்.

எல்ஃப்களை நவீன வாசகருக்கு வீரர்களாக அறிமுகப்படுத்தியதில் ஜே. ஆர். ஆர். டோல்கீனுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் 1916-ல் சொம் போர்க்களத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தவர். முதல் உலகப் போர் முடிவதற்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்தவர். போர் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் 1954-55-ல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், கொல்வதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது: ஆர்க். எல்ஃப் ஒருவனும் குள்ளன் ஒருவனும் யார் அதிகம் ஆர்க்குகளைக் கொன்றது என்று போட்டி போட்டு எண்ணுகிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டே எண்ணுகிறோம்.

ஆனால் டோல்கீனை அந்த எண்ணிக்கை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அவர் கத்தோலிக்க நம்பிக்கை கொண்டவர். தீமையால் எதையும் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும் என்பது அவர் கருத்து. அப்படியானால் ஆர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள்? கெடுக்கப்பட்ட எல்ஃப்களா, மனிதர்களா? அவர்களுக்கு ஆன்மா உண்டா? கடைசிக் காலம்வரை விதவிதமாக எழுதிப் பார்த்தார், ஒரு முடிவுக்கும் வரவில்லை. வாசகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆர்க் பெண்களும் இருந்திருக்கத்தான் வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். கதையில் அந்தப் பெண்கள் ஓரிடத்திலும் வருவதில்லை. வந்தால் என்ன ஆகும்? ஒரு ஆர்க் தாய், கோட்டை வாசலில் விழுந்து கிடக்கும் தன் மகனைத் தேடி வருவாள். அதற்கப்புறம் அந்த எண்ணிக்கைப் போட்டியை யாராலும் படிக்க முடியாது. தாய் இல்லாத எதிரி இருந்தால்தான் பயிற்சியின் இன்பம் கலையாமல் இருக்கும்.

நம் காவியம் இந்தக் கேள்வியை எப்படி எதிர்கொண்டது? துரோணர் வைத்த தேர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மரத்தில் ஒரு பொம்மைப் பறவை. கிளி என்றும் அதன் கண் என்றும் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். என்ன தெரிகிறது என்று ஆசான் கேட்கிறார். மற்றவர்களுக்கு மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, பக்கத்தில் நிற்கும் அண்ணன் தம்பிகள் தெரிகிறார்கள். அவர்கள் தோற்றுவிட்டார்கள். அர்ஜுனனுக்குப் பறவை மட்டும் தெரிகிறது. அவன் தேறிவிட்டான். பள்ளிக்கூடங்களில் இதை மன ஒருமைப்பாட்டுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ இது பார்வையைச் சுருக்கும் பயிற்சியாகவே படுகிறது. சுற்றி இருப்பதெல்லாம் கண்ணிலிருந்து மறைந்தால்தான் அம்பு சரியாகப் போகும்.

பல வருஷம் கழித்து, குருக்ஷேத்திரத்தில் இரண்டு படைக்கும் நடுவில் தேரை நிறுத்தச் சொல்கிறான் அதே அர்ஜுனன். இப்போது அவனுக்கு எல்லாம் தெரிகிறது. பாட்டனார், மாமன்கள், கூடப் படித்தவர்கள், அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட அதே ஆசான். வில் கையிலிருந்து நழுவுகிறது. துரோணரின் கணக்கில் பார்த்தால் அது தேர்வில் தோற்ற தருணம். பதினெட்டு அத்தியாயம் பேசித்தான் அவனை மறுபடி வில்லெடுக்க வைக்க முடிகிறது. பேச்சு வென்றது. ஆனால் அந்தக் கணத்தில் அவன் கண்டது பொய் என்று காவியம் சொல்லவில்லை.

எல்ஃப்களுக்கு நிகரானவர்கள் பாரதத்திலும் இருக்கிறார்கள். அரக்கியான இடும்பி பெற்ற கடோத்கசன். நாககன்னி உலூபி பெற்ற அரவான். வேறு உலகத்துத் தாய்களின் பிள்ளைகள், தங்களுடையதல்லாத போருக்கு அப்பனின் அழைப்பை ஏற்று வந்தவர்கள். அரவானைப் போருக்கு முன்பே களப்பலி கொடுத்துவிடுகிறது தமிழ் மரபு. கர்ணனின் சக்தி ஆயுதம் அர்ஜுனனைத் தாக்காமல் இருக்கக் கடோத்கசன் செலவழிக்கப்படுகிறான். அவன் விழுந்தபோது பாண்டவர்கள் அழ, கண்ணன் மகிழ்ந்து ஆடினான் என்று துரோண பருவம் சொல்கிறது. வேற்றினத்துப் பிள்ளையின் உயிர் எவ்வளவு மலிவு என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் எழுதியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் இருந்தாள், அவளுக்குப் பெயர் இருந்தது. கூவாகத்தில் வருஷா வருஷம் அரவானுக்காகத் தாலியறுத்து அழுகிறார்களே, காவியம் சுருக்கமாகக் கடந்ததை ஊர் நின்று அழுது தீர்க்கிறது.

"எல்லாம் சரி, எதிரி உண்மையிலேயே வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? அப்போதும் தாயைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதா?" நியாயமான கேள்வி. டெல்டாவிலேயே அதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. திருவாரூர்ப் பக்கம் தலையாலங்காடு என்று இன்றைக்கும் அழைக்கப்படும் ஊர்தான் சங்க காலத்துத் தலையாலங்கானம் என்கிறார்கள். சேர சோழரும் ஐந்து வேளிரும் சேர்ந்து வந்தபோது அங்கே வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளையவன். இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றில் (77) அவனைக் காட்டுகிறார்: காலில் இருந்த சதங்கையை இப்போதுதான் கழற்றியிருக்கிறான், பாலை விட்டுச் சோறு தின்னத் தொடங்கியதே இன்றைக்குத்தான், கழுத்தில் குழந்தைக்குக் கட்டிய தாலி இன்னும் அப்படியே கிடக்கிறது. கவிஞருக்கு அது பெருமிதம். எனக்கு அந்தத் தாலியில்தான் கண் நிற்கிறது. பிள்ளைக்குக் காத்து கருப்பு அண்டக் கூடாதென்று கட்டியது அது. அதோடு அவன் கொல்லப் போகிறான். அவனுக்கு வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்தக் கேள்வி சங்க காலத்தோடு முடியவுமில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து இங்கே பயிற்சிக்கு வந்தார்கள். தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டுப் பக்கம் புளொட் இயக்கத்தின் முகாம்கள் இருந்தன. வந்தவர்களில் பலர் பள்ளிக்கூடப் படிப்பை அப்படியே விட்டு வந்தவர்கள். அவர்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. எரிந்த வீடுகள் இருந்தன. அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, சாலையோரம் வரிசையாக ஓடிப் பயிற்சி எடுக்கும் பையன்களைப் பார்த்ததைச் சொல்வாள். மோர் கொடுத்திருக்கிறாள். அரசியல் ஒன்றும் பேசமாட்டாள். "யாரு பெத்த புள்ளைகளோ, வெயில்ல இப்புடி ஓடுதுங்க" என்பாள், அவ்வளவுதான்.

மாயக் கதையில் பயிற்சிக்கு அடுத்த அத்தியாயம் வெற்றி. ஒரத்தநாட்டில் அப்படி நடக்கவில்லை. கேள்வி கேட்ட பிள்ளைகள் துரோகிகள் என்று சந்தேகிக்கப்பட்டார்கள். முகாம்களுக்குள்ளேயே சித்திரவதையும் கொலையும் நடந்தன. அந்த இயக்கத்தின் உள்ளிருந்து வெளியேறிய கோவிந்தன் எழுதிய 'புதியதோர் உலகம்' 1985-லேயே வெளிவந்துவிட்டது. தமிழில் இளம் வீரர்களின் பயிற்சியைச் சொல்லும் உண்மையான நாவல் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். பிறகு 2001-ல் ஷோபாசக்தியின் 'கொரில்லா' வந்தது. பதின்வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர் அவர். இரண்டு நாவலிலும் ஆசானின் புன்னகைக்காக ஏங்கும் பையன்கள் உண்டு. அந்தப் புன்னகைக்கு என்ன விலை என்பதும் உண்டு. போர் நீள நீள வயது இறங்கிக்கொண்டே போனது. சிறுவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்துவது பற்றி 2003-ல் யுனிசெஃப் புலிகளோடு ஒரு செயல்திட்டமே போட வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும் சேர்ப்பு தொடர்ந்தது என்பதை ஐ.நா. அறிக்கைகள் பதிவு செய்தன. கருணா அணியும் அதையே செய்தது.

இதையெல்லாம் சொல்வது, அவர்கள் போராடியிருக்கக் கூடாது என்று கரையில் உட்கார்ந்து உபதேசம் பண்ண அல்ல. பயிற்சி ஒரு பழக்கம். எதிரே இருப்பவனின் தாயை மறக்கப் பழகியவன், அந்தப் பழக்கத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் வைத்துக்கொள்ள முடிவதில்லை. முதலில் சிங்களச் சிப்பாய்க்குத் தாய் இல்லாமல் போகிறாள். அப்புறம் வேறு இயக்கத்துப் பையனுக்கு. அப்புறம் ஒரே பாயில் கூடப் படுத்திருந்தவனுக்கு. சிங்களப் படைக்கும் இதே கதைதான். அவர்கள் கண்ணில் தமிழ்த் தாய் மறைந்ததன் முடிவை 2009-ல் முள்ளிவாய்க்காலில் பார்த்தோம்.

அதனால் வீரக் கதையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளிடமிருந்து வாளைப் பிடுங்கினால் தென்னை மட்டையை எடுத்துக்கொள்வார்கள். பயத்தை வெல்லவும், வலியைப் பொறுக்கவும், பலவீனனுக்கு முன்னால் போய் நிற்கவும் அந்தக் கதைகள் கற்றுத்தருகின்றன. நான் கேட்பது ஒன்றுதான்: செத்தவனைத் தேடி ஒருத்தி வரட்டும். டோல்கீன்கூட ஓரிடத்தில் அந்தக் கதவைத் திறக்கிறார். எதிரிப் படையில் வந்து செத்து விழுந்த ஒரு தெற்கத்தி மனிதனைப் பார்த்து, இவன் உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யை நம்பி வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தானோ என்று தோட்டக்காரன் சாம் யோசிக்கிறான். சில வரிகள்தான். அந்த நாவலின் அத்தனை போர்களையும்விட அந்த வரிகளில்தான் சாம் வளர்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருமகனிடமும் இதைத்தான் சொன்னேன். எதிரியை யாராக வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் அவன் வீட்டையும் ஒரு பக்கத்துக்கு எழுது என்றேன். "அப்ப சண்டை போட கஷ்டமா இருக்குமே மாமா" என்றான். கஷ்டமாக இருக்கட்டும்டா என்றேன்.

பாரதம் அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்கவில்லை. போர் முடிந்ததும் ஒரு முழுப் பருவத்தைப் பெண்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. காந்தாரி களத்தில் நிற்கிறாள். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அவள் அழுவது அந்த நூறு பேருக்காக மட்டுமல்ல. அபிமன்யுவின் உடலைக் கண்ணனுக்குக் காட்டி, அதன்மேல் விழுந்து கதறும் உத்தரையைப் பார் என்கிறாள். அபிமன்யு அவள் பிள்ளைகளின் எதிரி. அவனை வளைத்துக் கொன்றது அவள் தரப்பு. வாழ்நாளெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்கு ஞானப் பார்வையில் எல்லா உடல்களும் தெரிந்தன. துரோணரின் மாணவர்கள் எவரும் பழகாத பார்வை அது.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து திரும்பிய பிறகு தரங்கம்பாடிக் கரையிலும் அப்படித்தான். அடையாளம் தெரியாத உடல்களுக்கு முன்னால் நின்றவர்கள் எந்த ஊர், என்ன சாதி என்று தெரிவதற்கு முன்பே சொன்ன சொல் ஒன்று உண்டு. என் அத்தை ஓடுகிற பையன்களைப் பார்த்துச் சொன்ன அதே சொல். நம் மொழியில் அதற்குத் தனியாகப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. அதை மறப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.