செப்பனிடும் அறம்

மாளிகையைக் கட்டியவனை உலகம் போற்றுகின்றது; அதன் கூரையில் விழுந்த ஓட்டையை மழைக்கு முன் அடைத்தவனை எவரும் நினைப்பதில்லை. படைத்தலைப் பெரிதென்றும் பேணுதலைச் சிறிதென்றும் எண்ணுவது மனித இயல்பு. ஆயினும் இன்றைய வாழ்வு, படைப்போரைப் போலவே பேணுவோரையும் நம்பி நிற்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு பொருளை முன்வைத்து இதனை ஆராயலாம். அப்பொருள் லினக்ஸ் கெர்னல்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. கணினியின் நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் எந்த நிரல் எப்போது பயன்படுத்தலாம் என்று வகுப்பதும், ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாமல் காப்பதும் அதன் பணி. 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை வெளியிட்டார். எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமத்தின்கீழ் 1992இல் அது வந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், எண்ணற்ற சர்வர்களிலும், உலகின் அதிவேகக் கணினிகளிலும் இயங்குவது அதுவே. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. இடையிடையே, பெரும்பாலும் வாரந்தோறும், திருத்தங்கள் வந்தவண்ணம் உள்ளன.

நல்ல பொருளுக்கு இத்தனை திருத்தம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 'டர்ட்டி கவ்' எனப் பெயர் பெற்ற குறை அதற்கு விடை கூறும். சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழிவிட்ட ஓட்டை அது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஒன்பது ஆண்டுகள் அது திறந்தே கிடந்தது. 2016 அக்டோபரில் அதனை அடைத்த டோர்வால்ட்ஸ், பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே தாம் இதனைச் சரிசெய்ய முயன்றதையும், அம்முயற்சி செம்மையாக அமையாததையும், பின்னர் அது விலக்கப்பட்டதையும் திருத்தக் குறிப்பிலேயே எழுதினார். பிழை செய்வது இழுக்கன்று. பிழையை மறைப்பதே இழுக்கு. திருத்தம் என்பது குற்றச்சாட்டு அன்று, நேர்மையின் அடையாளம்.

ஆனால் இந்நேர்மைக்கு ஒரு விலையுண்டு. மூலம் திறந்திருப்பதால், திருத்தம் வெளிவந்த அன்றே ஓட்டை எங்கிருந்தது என்பது நல்லவர்க்கும் தெரியும், கள்வர்க்கும் தெரியும். அன்று முதல், திருத்தத்தை ஏற்காதவனின் சோம்பல் கள்வனுக்குத் திறவுகோலாகி விடுகின்றது.

"என் கணினி என் உடைமை, அதனைத் திருத்துவதும் திருத்தாததும் என் விருப்பம். கெட்டால் நானே கெடுகிறேன்" என்று ஒருவன் வாதிடலாம். இவ்வாதம் முதற்பார்வையில் நியாயமாகவே தோன்றும். ஆனால் வலையில் இணைந்த பொருள் ஒருவனுக்கு மட்டும் உரிய பொருளாக நிற்பதில்லை. அதே 2016 அக்டோபரில், லினக்ஸில் இயங்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் வீட்டு இணையக் கருவிகளையும் 'மிராய்' என்னும் தீநிரல் திரட்டிப் படையாக்கியது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லைக்கூட மாற்றாமல் விடப்பட்ட கருவிகள் அவை. அப்படையின் தாக்குதலால் பெயர்பெற்ற பல இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கருவிக்கு உடையவன் ஒன்றும் அறியான். துன்புற்றவன் அவனை அறியான். பக்கத்து வீட்டுக்குப் பரவும் தீயை 'என் வீட்டுத் தீ' என்று சொல்லி ஒதுங்க இயலுமோ?

அப்படியாயின், வரும் திருத்தத்தையெல்லாம் வந்த கணமே ஏற்பதுதான் அறமா? அதுவும் அன்று. 2024 மார்ச் இறுதியில் வெளிப்பட்ட 'எக்ஸ்இசட்' நிகழ்ச்சி அதற்குச் சான்று. அது கெர்னலின் பகுதியன்று. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும், தரவுகளைச் சுருக்கும் மென்பொருள். உதவியாளராக வந்த ஒருவர் ஈராண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் புதிய பதிப்பொன்றில் கள்ளக்கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்னும் பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்ததால் வஞ்சகம் வெளிவந்தது. முந்திக்கொண்டு புதியதை ஏற்ற சோதனைப் பதிப்புகளே அந்நஞ்சைப் பெற்றன. பொறுத்திருந்த நிலைப்பதிப்புகள் தப்பின.

எனவே விரைவும் தனித்த அறமன்று. தாமதமும் தனித்த அறமன்று. விழிப்பே அறம். எது வந்தது, யார் தந்தது, எதற்காகத் தந்தது என்று அறிந்து, சிறிய இடத்தில் சோதித்து, பின் தாமதியாமல் பரப்புவதே விழிப்பு. 'சோதிக்கிறோம்' என்று சொல்லி மாதங்களைக் கடத்துவது விழிப்பாகாது. அது சோம்பல் அணிந்த முகமூடி.

இக்கடமை எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் எண்ண வேண்டும். உற்பத்தியாளர் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிட்ட பழைய கைப்பேசியை வைத்திருக்கும் ஏழையிடம் 'ஏன் புதுப்பிக்கவில்லை?' என்று கேட்பது கொடுமை. இயலாதவனிடம் கடமையைக் கேட்க அறத்திற்கு உரிமையில்லை. விற்றுப் பொருளீட்டியவரிடமும், பலருடைய செய்திகளைக் காக்கும் பொறுப்பேற்ற நிறுவனத்திடமுமே அக்கேள்வி முதலில் செல்ல வேண்டும்.

இன்னொரு கடனும் உண்டு. எக்ஸ்இசட் மென்பொருளைப் பல்லாண்டுகள் ஊதியமின்றிப் பேணியவர் களைத்திருந்தார். அக்களைப்பின் ஊடேதான் வஞ்சகம் நுழைந்தது. நீண்டகாலக் கெர்னல் பதிப்புகளுக்கு ஆறாண்டுகள் வரை அளிக்கப்பட்ட ஆதரவை இரண்டாண்டுகளாகக் குறைக்கப் போவதாக 2023இல் அறிவிக்கப்பட்டபோது, பேணுவோரின் சோர்வும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஊர்க்குளத்தில் எல்லாரும் நீர் மொள்ளுகின்றனர். தூர்வார வருவோர் சிலரே. இலவசமாகப் பெற்றதனால் கடன் தீர்ந்தது என்று கொள்வது பிழை. விலை கொடுத்த பொருளுக்கு விலையோடு கடன் தீரும், அன்பளிப்பாய் வந்ததற்கோ தீராது. பொருளால் இயன்றவர் பொருளாலும், அறிவால் இயன்றவர் உழைப்பாலும், இரண்டும் இல்லாதவர் கண்ட குறையைப் பண்போடு எடுத்துரைத்தும் அதனைச் செலுத்தலாம்.

முடிவாக அமையும் திருத்தம் என்று எதுவும் இல்லை. இன்று அடைத்த ஓட்டைக்கு அருகே நாளை வேறொன்று தோன்றலாம். அதனால் பணி வீணாவதில்லை. நாள்தோறும் பெருக்கும் முற்றம் நாள்தோறும் குப்பை சேர்வதனால் பெருக்கத் தகாததாகி விடுவதில்லை. மனித வாழ்வும் அத்தகையதே. குறையற்றவராகப் பிறந்தவர் எவருமில்லை. குறை தெரிந்த பின்னும் திருந்தாதிருப்போமா என்பதே ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் கேள்வி.