கொடையும் கூலியும்: வாடகைத்தாய் முறை குறித்த ஓர் அறவியல் நோக்கு

மகப்பேறின்மைக்கான மருத்துவ முறைகளுள் பிறிதொரு பெண்ணின் உடலை முழுமையாகச் சார்ந்து நிற்பது வாடகைத்தாய் முறையாகும். ஆய்வகத்தில் உருவாக்கப்பெற்ற கரு அவளது கருப்பையில் வைக்கப்பெறுகிறது. கருவைச் சுமப்பவள் தன் கருமுட்டையை வழங்கலாகாது என்பதும், பிறக்கும் குழந்தை அதனை வேண்டிய தம்பதியரின் உயிரியல் குழந்தையாகவே கருதப்பெறும் என்பதும் 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் வகுத்த விதிகள்.

அகமரபு ஈன்றவளை நற்றாய் எனவும் வளர்த்தவளைச் செவிலித்தாய் எனவும் பிரித்துரைக்கும். ஈன்றும் தாயாகாதவளுக்கு அம்மரபில் பெயரில்லை. இன்றைய வழக்கு அவளுக்கு ‘வாடகை’ என்னும் அடையைத் தந்துள்ளது. வாடகை, வீட்டிற்கும் வண்டிக்கும் உரியது, உழைப்பிற்குரியது கூலி. (‘குடிக்கூலி’ என்னும் பழஞ்சொல் இவ்வேறுபாட்டைச் சற்றுக் குலைப்பினும் பொதுவழக்கு இதுவே.) ஆகவே இச்சொல் அவளை உழைப்பவளாகக் காணாது இடமாகவே காண்கிறது எனலாம்.

குஜராத்தின் ஆனந்த் நகரில் பெண்கள் பணம் பெற்றுப் பிறர்க்காகக் கருச்சுமந்தனர். 2008இல் ஜப்பானியத் தம்பதியர்க்காக அங்குப் பிறந்த குழந்தையின் வழக்கு, அவர்கள் அதன் பிறப்பிற்கு முன்பே மணவிலக்குப் பெற்றமையால், உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2015இல் அயல்நாட்டினர் இம்முறையை நாடுவது தடுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிகமுறையையே விலக்கியது. சுமப்பவளுக்கு மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் போன்றவையன்றி வேறு பொருளில்லை. வாடகை நீங்கியது, பெயர் நீங்கவில்லை.

மருத்துவர், ஆய்வகத்தார், வழக்கறிஞர் யாவரும் ஊதியம் பெற, சுமப்பவளிடம் மட்டுமே கொடை எதிர்பார்க்கப்படுகிறது. புறமரபில் கொடுப்பவர் புரவலர், பெறுபவர் இரவலர். இங்கோ அம்முறை பெரும்பாலும் தலைகீழாகிறது. 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழு, சுமப்பவளுக்கு ஈட்டுத்தொகை வழங்க வேண்டுமெனப் பரிந்துரைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை.

பொருள் தந்தால் வறுமையே அவளை இசையச் செய்யும் என்பது எதிர்வாதம். ஆனந்த் நகரின் வரலாறு அதற்குச் சான்றாகும். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. எனினும் வறுமை மட்டுமே வற்புறுத்துவதன்று, உறவும் வற்புறுத்தும். பணத்தின் வற்புறுத்தல் ஒப்பந்தத்தில் எழுத்தாகப் பதியும். உறவின் வற்புறுத்தல் எங்கும் பதிவதில்லை. கரு வைக்கப்பெறும் முன்னர் இசைவைத் திரும்பப் பெறும் உரிமையைச் சட்டம் அளித்துள்ளது. கணவனின் உடன்பிறந்தாளுக்காகச் சுமக்க இசைந்த ஒருத்தி, மாமியார் இருக்கும் வீட்டில் அவ்வுரிமையை எங்ஙனம் பயன்படுத்துவாள் என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.