மறைத்து உருட்டிய பகடை

சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஐந்து பேர் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ‘டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்’ ஆடுவோம். காகிதம், பென்சில், விதவிதமான பகடைகள், ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். அதற்குள் என்ன செய்வது என்று மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும்.

2012ல் வெளியான இந்த விளையாட்டு பழைய பல்ப் கதைகள் மீதான காதலில் பிறந்தது. 1930களில் ராபர்ட் ஈ. ஹோவர்ட் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் எழுதிய கோனன் கதைகள் அந்த வகை. மலிவுக் காகிதத்தில் வாளும் மந்திரமும் ராட்சதப் பாம்பும். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், தன்னைத் தூண்டிய எழுத்தாளர்களை 1979ல் ஒரு பின்னிணைப்பில் பட்டியலிட்டார். எங்கள் விளையாட்டு அந்தப் பட்டியலுக்கே திரும்பிப் போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கோனனுக்கு நேரெதிர். அவன் சாக மாட்டான் என்று வாசகனுக்குத் தெரியும். இங்கே தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று நான்கு சாதாரண கிராமத்து ஆட்கள் கிடைப்பார்கள். பலரும் முதல் ஆட்டத்திலேயே செத்துப்போவார்கள். மிஞ்சுகிறவர்தான் நாயகன்.

என் நண்பனுக்கு மிஞ்சியவள் சீஸ் செய்து விற்கும் ஒரு பெண். பொன்னி என்று பெயர் வைத்தான். ஒருமுறை மயிரிழையில் பிழைத்தாள். அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த மாதம் அவனுக்கு வேலை போனது. அந்தச் சனிக்கிழமை வருவானா என்றே சந்தேகமாக இருந்தது. வந்தான். கதையை நடத்தியது நான். இந்த விளையாட்டில் அந்தப் பொறுப்புக்குப் பெயரே ஜட்ஜ். பாழடைந்த கோயிலில் பாம்பு பொன்னி மேல் பாய்ந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டினேன். 20. அவள் தாங்க மாட்டாள்.

“ஏழு. தப்பிச்சுட்டா,” என்றேன்.

தண்ணீர் எடுக்க எழுந்தவன் என் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கீழே பைக்கை எடுக்கும்போது சொன்னான்: “அந்த இருபதைப் பார்த்தேன்டா.”

“சும்மா விளையாட்டுதானே. உன் நிலைமைல...”

“அப்போ போன மாசம் பொழச்சது?”

“அது நிஜம்டா.”

“எப்படி நம்பறது? ஆபீஸ்லயும் கடைசி வாரம் வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க.”

என்னிடம் பதில் இல்லை. ஒரு தோல்வியை அவனிடமிருந்து எடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அதோடு சேர்த்து அவனுடைய பழைய வெற்றியையும் எடுத்துவிட்டேன்.

சகுனி பகடையில் ஏமாற்றியது தருமனை வீழ்த்த. நான் ஏமாற்றியது காப்பாற்ற. நோக்கம் வேறு என்பது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு? இரண்டிலுமே அவன் நிஜமாக ஆடவில்லை.

அப்படியென்றால் கருணையே தப்பா? அப்படி நினைக்கவில்லை. ‘இன்னிக்கு யாரும் சாக வேண்டாம், சும்மா ஜாலியா ஆடுவோம்’ என்று எல்லோர் முன்பும் கேட்டிருக்கலாம். சரி என்றிருப்பார்கள், அல்லது அவனே வேண்டாம் என்றிருப்பான். அவனால் தாங்க முடியாது என்று அவனைக் கேட்காமலே நான் தீர்மானித்ததுதான் தவறு. அப்பாவின் ரிப்போர்ட்டை அவரிடமிருந்து மறைக்கும் வீடுகளில் நடப்பதும் இதுதான். அங்கும் அன்பு பொய் இல்லை. ஆனால் அவர் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்திலிருந்து மெல்ல நகர்த்தப்படுகிறார்.

கதை எழுதுகிறவர் நாயகனைக் காப்பாற்றலாம். அவர் யாருக்கும் பகடை மேல் வாக்குக் கொடுக்கவில்லை. நாங்கள் கொடுத்திருந்தோம்.

அடுத்த வாரம் தடுப்பை எடுத்துவிட்டேன். எல்லாப் பகடைகளும் மேசை நடுவில் உருண்டன. மூன்றாவது வாரம் பொன்னி செத்துப்போனாள். அன்று பொய் சொல்ல எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “புதுத் தாள் ஒண்ணு குடுடா,” என்றான்.